பதினொரு நிமிடப் பேச்சை மூன்று முறை சுருக்கினேன்

"ஃபைலை இன்னொரு தடவை சுருக்கினால் என்ன அக்கா, கண்ணுக்கு வித்தியாசமே தெரியலையே" என்று போன வாரம் எடிட்டிங் வகுப்பு முடிந்ததும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூடாது என்று சொன்னால் கேட்டுக்கொள்கிற வயதா உங்களுக்கு? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் குத்தாலம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராக இருந்தவள். முழங்கை அகலப் படிக்கட்டில் ஏறினால் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பூச்செடியும் அருவியும் வரைந்த திரை, இன்னொன்றில் நானும் கம்ப்யூட்டரும். கேமரா பிடிப்பது ஸ்டுடியோவின் சொந்தக்காரர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சேர்ந்த புதிதில் கேசட்டில் இருந்து கேசட்டுக்கு வெட்டி ஒட்டினோம். பிறகு சின்ன டிஜிட்டல் டேப் வந்தது, கூடவே சென்னையில் உதிரிபாகம் வாங்கிப் பூட்டிக் கொண்டுவந்த ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த காலம் அது. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் வீடியோவாகி விமானம் ஏறும். அந்த விமானத்தை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் பிறந்தது. டேப்பை ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு அதே டேப்பின் மேல் பதிவோம். யாருமே அதைத் தவறாக நினைத்ததில்லை. இன்னொன்று, படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பார்ப்பது புடவைச் சரிகையையும் பெண்ணின் நகையையும்தான். சரிகை மின்னினால் படம் சுத்தம். வாடிக்கையாளரும் அதைத்தானே பார்ப்பார்.

ஓர் ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதம், ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர், வளைகுடாவில் இருந்து லீவில் வந்தவர், ஓர் அம்மாவை அழைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் டெய்லர் டேப் தொங்கியது. அதைக் கழற்ற மறந்து வந்துவிட்டார் போல. பெயர் மரகதம். பக்கத்துக் கிராமத்தில் ரவிக்கை தைப்பவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, பள்ளிக்கூடமும் போனதில்லை.

அவருடைய ஒரே மகன் பாஸ்கர், இந்தத் திருத்துறைப்பூண்டிக்காரரோடு அதே கேம்பில் இருந்து ஏ.சி. குழாய் பொருத்தும் வேலை பார்த்தான். மகனுக்குக் காது கேட்கும். ஆனால் பிறந்ததில் இருந்து அம்மாவோடு கையால் பேசி வளர்ந்தவன். அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருவது இல்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே உண்டானது. நாற்றை அழுத்துவதுபோல் விரலைக் கீழே குத்தினால் நடவு மாசம், அரிவாள் இழுப்பதுபோல் இழுத்தால் அறுப்பு மாசம். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். அம்மா, மகன், அம்மாவின் அண்ணன் கலியமூர்த்தி.

பாஸ்கர் போய் நான்கு வருடம். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தபோது, லீவுகூட எடுக்காமல் மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறான். காரணம், கலியமூர்த்தி போனில் சொன்னது. அம்மாவால் போனில் பேச முடியாதில்லையா? எஸ்.டி.டி. பூத்தில் மாமா ரிசீவரைப் பிடித்துக்கொள்வார், அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டுவார், மாமா "உங்கம்மா இருக்கச் சொல்லுதுப்பா" என்பார். இப்போது மறுபடியும் ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம். இருக்கவா, வரவா என்று அம்மாவின் வாயால், அதாவது அம்மாவின் கையால், தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

திருத்துறைப்பூண்டிக்காரர் ஒரு சி.டி.யையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தார். சி.டி.யில் பாஸ்கர் கையால் கேட்ட கேள்வி. சீட்டில் எங்களுக்கு இரண்டு வரி. "அம்மா பேசுவதை வீடியோ எடுத்து அனுப்பவும். மாமா கூட இருக்க வேண்டாம்."

சி.டி.யைப் போட்டோம். வெள்ளையடித்த சுவர், முன்னால் பனியன் போட்ட ஒரு பையன், கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் அக்கா மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்த அருவித் திரைக்கு முன்னால் நின்றார்.

பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். பதினொரு நிமிடம். ஒரு கை இன்னொரு கையை முந்திக்கொண்டு ஓடியது. நடுவில் ஓரிடத்தில் குலுங்கிச் சிரித்தார், எதையோ நினைத்து. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைத்த கையாலேயே மேலே பேசினார். அண்ணனுக்குக் கேமராவை எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இனி நான் செய்த புண்ணியங்களைக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை, அதனால் டேப்பில் இருந்து ஏற்றும்போதே சுருக்கி ஏற்றினேன். அது ஒன்று. சும்மா கொடுத்தால் நன்றாக இருக்காதே என்று ஓரத்தில் ரோஜாப்பூ ஃப்ரேம் போட்டேன், ஆரம்பத்தில் மெல்ல விரிகிற மாதிரி ஓர் எஃபெக்ட், பின்னணியில் வயலின். ஆமாம், காது கேட்காத அம்மாவின் பேச்சுக்கு வயலின். சிரிக்காதீர்கள், நீங்களும் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் செய்கிறீர்கள். இவ்வளவும் போட்டு வெளியே எடுக்கும்போது இரண்டாவது தடவை சுருங்கியது. அதில் இருந்து சி.டி. போட்டபோது மூன்றாவது தடவை. ஒவ்வொரு படியிலும் படத்தைப் பார்த்தேன். முந்தின படிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, புடவைக் கரை தெரிகிறது, முகம் தெரிகிறது, போதும் என்று கொடுத்துவிட்டேன். அந்த வாரமே வளைகுடாவுக்குக் கிளம்பிய ஒருவர் அதை எடுத்துப் போனார்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு அண்ணன் பெட்டியில் கைவிட்டு எடுத்த டேப், மரகதம் அக்காவின் டேப். மாப்பிள்ளை அழைப்பில் ஆரம்பித்துத் தாலி கட்டுகிற வரைக்கும் அதில் பதிந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பாஸ்கரிடம் இருந்து போன் வந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. குரல் மரியாதையாக இருந்தது.

"அக்கா, சி.டி. வந்துச்சுங்க. அம்மா முகம் நல்லா தெரியுது. கைதான் தெரியல."

"கை தெரியலையா? எப்படிப்பா, கை முன்னாலதானே இருக்கு?"

"கை இருக்குங்க அக்கா. விரல் இல்ல. வேகமா பேசுற இடமெல்லாம் கட்டம் கட்டமா கலைஞ்சு போவுது. ஏழெட்டு தடவை பாத்துட்டேன். ஏதோ ஒண்ணைக் கீழ குத்துறாங்க. நடவு மாசம் வான்னு சொல்றாங்களா, 'அங்கயே இரு'ன்னு சொல்றாங்களா, புரியல."

கையெழுத்துப் போட இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வரைக்கும்தான் என்றான். கணக்குப் பார்த்தேன், பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு அவன் கேட்டதுதான் என்னைத் தடுமாற வைத்தது.

"அக்கா, நீங்க நேர்ல பாத்தீங்கள்ல? உங்களுக்கு என்ன தோணுச்சு? வரச் சொல்றாங்களா?"

எனக்கு நன்றாகவே தோன்றியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுகிற அம்மா வேறென்ன சொல்வார்? வா என்றுதான் சொல்வார். எனக்கும் மகன் இருக்கிறான். ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான், என் தப்பும் மூடிப்போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நொடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ரிசீவரோடு நிற்கிற கலியமூர்த்தி என் நினைவில் வந்தார். அவருக்காவது அந்தப் பேச்சு தெரியும். எனக்கு அதுவும் தெரியாது.

"எனக்கு அவங்க பேச்சு தெரியாதுப்பா. நான் ஒண்ணு சொல்லி அது தப்பாயிடக் கூடாது. கையெழுத்துப் போடாதே, பத்து நாள் பொறு. கை தெரியற மாதிரி அனுப்புறேன்" என்றேன். எப்படி அனுப்பப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளே, நெருக்கடியில் வாடிக்கையாளருக்கு நீங்கள் தரக்கூடியது படம் மட்டும்தான். உங்கள் யூகத்தைப் படமாக நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டேப்பைத் தேடினேன். அதில் யாரோ ஒரு மாப்பிள்ளை குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்தது மூன்றாவது தடவை சுருக்கியது மட்டும்தான். இடம் வேண்டும் என்று முதலிரண்டையும் நானே அழித்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு கோபம் வந்தது. என் மேல்தான்.

கோபம் கொஞ்சம் தணிந்ததும் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பாஸ்கர் அனுப்பிய சி.டி. எங்களிடமே இருந்தது. எவரோ கேம்ப் நண்பரின் சாதாரணக் கேமராவில் எடுத்தது. எங்கள் கேமராவின் விலையில் பாதிகூட இருக்காது. அதில் விரல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரிகிறது. எங்களுடையதில் தெரியவில்லை. நல்ல கேமராவில் எடுத்தது ஏன் கெட்டது, மட்டக் கேமராவில் எடுத்தது ஏன் பிழைத்தது? அன்றைய சாப்பாட்டை மறந்து இதையே யோசித்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, அருவித் திரைக்கு முன்னால் நின்று நானே விரலைக் காட்டினேன். மூன்று, நான்கு, இரண்டு, ஒன்று என்று வேகமாக மாற்றி மாற்றி. என்ன காட்டினேன் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தேன். பிறகு மரகதம் அக்காவின் படத்துக்குச் செய்த அத்தனையும் இதற்கும் செய்தேன், ரோஜாப்பூ உட்பட. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு படியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டேன். அண்ணன் வந்ததும் டேப்பைப் போட்டு, "எத்தனை விரல், சொல்லுங்க" என்றேன். ஒன்றுகூடத் தப்பில்லாமல் சொன்னார். முதல் சுருக்கத்தில் ஒன்றிரண்டு தப்பு. இரண்டாவதில் பாதி தப்பு. மூன்றாவதைப் போட்டதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எத்தனை விரல் அண்ணே?"

"விரலா? எனக்குக் கையில ஒரு பஜ்ஜி இருக்கற மாதிரில்ல தெரியுது."

நான் சிரித்தேன், ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்குப் புரிந்தது இதுதான். சுருக்குகிற சாஃப்ட்வேர் அசையாமல் இருப்பதைக் காப்பாற்றும், சடசடவென்று அசைகிற சின்னப் பொருளில் கைவைக்கும். அசையாத முகம் தப்பித்தது, விரல் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை சுருக்கும்போது, முதல் தடவை உண்டான கட்டங்களையே படம் என்று எண்ணிக் காப்பாற்றப் பார்க்கும், விரலில் மிச்சம் இருந்ததைத் தள்ளிவிடும். திரையில் இருந்த அருவியும் பூச்செடியும் வேறு பங்கு கேட்டன. பாஸ்கருக்குப் பின்னால் இருந்தது வெறும் வெள்ளைச் சுவர். அவன் படம் ஒரே ஒரு தடவைதான் சுருங்கியிருக்கிறது. நானோ ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தின படியோடுதான் ஒப்பிட்டேன், டேப்போடு ஒப்பிடவே இல்லை. எல்லாவற்றையும்விட, இந்தப் படத்தில் எது முக்கியம் என்று யோசிக்காமல், சரிகையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். எது போனால் படமே போய்விடும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குச் சரிகை, பரதநாட்டியத்துக்கு விரலும் கண்ணும், வயல் அளக்கிற படத்துக்குக் கல்லும் வரப்பும்.

மறுபடி எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து அப்படியே மரகதம் அக்காவின் ஊருக்கு பஸ் ஏறினேன். சேறு மணக்க வயலெல்லாம் சம்பா நடவுக்குத் தயாராக இருந்தது. அவர் வாசல் நடையில் தையல் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மகனிடம் இருந்து பதில் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

எப்படிச் சொல்வது? பஸ்ஸில் யோசித்ததெல்லாம் மறந்துபோனது. மிஷின் மேல் ஒரு கருப்பு ரவிக்கைத் துணியும் டெய்லர் சாக்பீஸும் இருந்தன. சாக்பீஸை எடுத்துத் துணியில் ஒரு கை வரைந்தேன், ஐந்து விரலோடு. அதைக் காட்டி, அவர் கையைக் காட்டினேன். புரிந்தது. உள்ளங்கையால் ஒரு தடவை தேய்த்தேன். கோடு கொஞ்சம் அகன்றது. இன்னொரு தடவை தேய்த்தேன். மூன்றாவது தடவை தேய்த்தபோது வெள்ளையாக ஒரு கறை மட்டும் இருந்தது. அதைக் காட்டி, தூரத்தில் கையை நீட்டி, கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

அவர் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தார். நான்தான் தேய்த்தேன் என்று சொல்ல வேறு சைகை தேவைப்படவில்லை.

அதற்குள் கலியமூர்த்தி வயலில் இருந்து வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. நல்ல மனிதர்தான், வந்ததும் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

"என்னம்மா விஷயம்? எங்கிட்ட சொல்லுங்க, அவகிட்ட நான் சொல்றேன்."

"வீடியோ சரியா வரலிங்க. மறுபடி எடுக்கணும்."

"அதுக்கென்ன, நாளைக்கு அழைச்சுக்கிட்டு வர்றேன். நானும் கூட நின்னா உங்களுக்கும் சௌகரியம்."

நான் வாய் திறக்கும் முன்னே மரகதம் அக்கா தன் அண்ணனைப் பார்த்தார். கையை விரித்து, அவர் மார்புக்கு நேரே, வேண்டாம் என்பதுபோல் மெதுவாகக் காட்டினார். இந்தச் சைகைக்குப் பொருள் எனக்குக்கூடத் தெரிந்தது.

"நாப்பது வருஷமா நான்தானேம்மா அவளுக்கு வாய்" என்றார் கலியமூர்த்தி என்னிடம். "அவன் நாலு காசு பாக்கட்டும், இங்க வந்து சேத்துல என்ன செய்யப் போறான்னுதான்... நான் கெட்டதா ஒண்ணும் சொல்லலையே."

அவர் குரலில் இருந்த வருத்தம் நிஜம். அவர் சொன்னது அவருடைய பேச்சு என்பதும் நிஜம். அவரும் ஒரு விதத்தில் என்னைப்போல ஓர் எடிட்டர்தான். நல்லது என்று நினைத்துத்தான் சுருக்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை மரகதம் அக்கா தனியாக வந்தார். அருவித் திரையைச் சுருட்டிவிட்டோம். பின்னால் சாம்பல் நிறப் போர்வை ஒன்றைக் கட்டினோம். அசையாமல் இருக்க ஓரத்தில் செங்கல் வைத்தோம். கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு, அதைத் தொடவே கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கை ஓடுகிற அகலம் முழுதும் ஃப்ரேமுக்குள் வர வேண்டும், ஒரு விரல்கூட வெளியே போகக் கூடாது. பம்புசெட் எல்லாம் ஓடாத பத்து மணிக்கு எடுத்தோம், கரண்ட் சீராக வந்து விளக்கு வெளிச்சம் ஏறி இறங்காமல் இருக்க.

நான்கு நிமிடம் பேசினார். அவ்வளவுதான். நிதானமாக, ஒவ்வொரு கையசைவுக்கும் இடைவெளி விட்டு, வெளியாருக்கு வழி சொல்பவர்போல. சிரிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. முடித்துவிட்டு, போதும் என்று தலையசைத்தார். முதல் தடவை பேசியவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்தது. ஆனால் நேரம் இல்லை, அதை யோசிக்கவும் இல்லை.

டேப்பின் முதுகில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், அதைத் தள்ளிவிட்டால் மேலே எதுவும் பதியாது. முதல் வேலையாக அதைத் தள்ளினேன். மூன்று கல்யாணங்களின் கோப்புகளை நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்து, ஹார்ட் டிஸ்கில் இடம் பிடித்து, டேப்பில் இருப்பதை ஒரு துளியும் சுருக்காமல் அப்படியே ஏற்றினேன். முன்னாலும் பின்னாலும் வெட்டியதைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. ஃப்ரேம் இல்லை, வயலின் இல்லை. அங்கிருந்து நேரே சி.டி., ஒரே தடவை. பிறகு சி.டி.யைப் போட்டு, டேப்பையும் பக்கத்து டி.வி.யில் ஓடவிட்டு, நானும் அண்ணனும் இரண்டையும் நிறுத்தி நிறுத்தி விரலை எண்ணினோம். எண்ணிக்கை ஒத்துப்போனது. புதன்கிழமை லீவு முடிந்து கிளம்பிய திருத்துறைப்பூண்டிக்காரர் அதைச் சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "தெரியுதுங்க அக்கா" என்றான் பாஸ்கர். அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. ஆனால் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அறுப்புக்கு முன்னாலேயே அவன் ஊருக்கு வந்துவிட்டான். கையெழுத்துப் போடவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான், கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். உயரமான பையன், வீடியோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தான்.

"அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா அக்கா? 'இருன்னு நான் ஒரு நாளும் சொல்லல. மாமாகிட்ட கோவப்படாதே. அறுப்புக்குள்ள வா.' அவ்வளவுதான்."

"நாலு நிமிஷமும் அதுதானா?"

"அதையேதான் மூணு தடவை சொல்றாங்க. மறுபடியும் கலைஞ்சிடும்னு பயந்து." சிரித்தான். மரகதம் அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

பாஸ்கர் பையில் இருந்து இன்னொரு சி.டி.யை எடுத்தான். முதலில் அனுப்பியது.

"இது பதினோரு நிமிஷம் ஓடுது. நடுவுல ஒரு இடத்துல அம்மா அப்படிச் சிரிக்கறாங்க. நான் பாத்ததே இல்ல அந்த மாதிரி. அப்புறம் அழறாங்க. என்ன சொன்னேன்னு கேட்டா, அப்ப மனசுல வந்துச்சு சொன்னேன், இப்ப ஞாபகம் இல்லங்கறாங்க. டேப்பு இருந்தா போட்டுக் காட்டுங்க அக்கா."

டேப் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்கர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரிங்க, இதையே போடுங்க. அம்மா பேசுனது தானே, அம்மாவுக்குத் தெரியும்."

போட்டேன். வயலினை நிறுத்திவிட்டேன். மரகதம் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு டி.வி.க்கு வெகு அருகில் உட்கார்ந்தார். ரோஜாப்பூக்களுக்கு நடுவே அவர் முகம் தெளிவாக இருந்தது. முகத்துக்குக் கீழே கட்டங்கள் கலைந்து கூடிக் கலைந்தன. திரையில் இருந்தவர் குலுங்கிச் சிரித்தபோது நாற்காலியில் இருந்தவருக்கும் உதட்டோரம் லேசாக விரிந்தது. தன் இரண்டு கைகளையும் தூக்கி, திரையில் நடப்பதன் வேகத்துக்கே அசைத்துப் பார்த்தார். எங்கேயாவது பிடி கிடைக்குமா என்று தேடுவது தெரிந்தது. இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தார். பிறகு கைகள் அந்தரத்தில் நின்றன.

மகன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். பாஸ்கர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா என்னப்பா கேக்கறாங்க?" என்றேன்.

"இது என் கையான்னு கேக்கறாங்க, அக்கா."